வாசகர் கேள்வி–பதில்: திட்ட விலக்கமும் இயல்நிலைப் பரவலும்

குமரி மாவட்டத்தின் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் சில ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்ததால், இந்த இதழில் அவற்றை ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: நான் ஏத்தன் ரக வாழைக்குலைகளை வாங்கி வெளியூர்களுக்கு அனுப்பும் வியாபாரம் செய்கிறேன். இரண்டு தோட்டங்களிலிருந்து சரக்கு எடுக்கிறேன். இரண்டிலும் குலையின் சராசரி எடை 12 கிலோதான். ஆனாலும் என்னிடம் வாங்குகிறவர்கள் ஒரு தோட்டத்துச் சரக்கையே கேட்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் என் மகன், "சராசரியை விட்டுவிட்டுத் திட்ட விலக்கத்தைப் பாருங்கள்" என்கிறான். அது என்னவென்று எனக்கு விளங்கும்படி சொல்வீர்களா?
— ஒரு வியாபாரி, மார்த்தாண்டம்

பதில்: தங்கள் மகன் சொல்வது சரி. ஆனால் சராசரியை விட்டுவிட வேண்டியதில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மொத்த எடையைக் குலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைக்கும் ஒற்றை எண்தான் சராசரி. அந்த எண்ணைச் சுற்றிக் குலைகள் நெருங்கி நிற்கின்றனவா, சிதறிக் கிடக்கின்றனவா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. முதல் தோட்டத்து ஐந்து குலைகளின் எடை 11, 12, 12, 12, 13 கிலோ என்றும், இரண்டாம் தோட்டத்து ஐந்து குலைகளின் எடை 8, 10, 12, 14, 16 கிலோ என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் மொத்தம் 60 கிலோ, சராசரி 12 கிலோ. மொத்தமாக எடை போட்டுப் பணம் கொடுக்கும்போது இரண்டு தோட்டங்களுக்கும் வேறுபாடு தெரியாது. குலைக்கு இவ்வளவு என்று விலை பேசி எடுக்கும் கடைக்காரருக்கோ, 8 கிலோக் குலை கையில் வந்த அன்றே வேறுபாடு தெரிந்துவிடும்.

அந்த வேறுபாட்டை ஓர் எண்ணாகச் சொல்ல, ஒவ்வொரு குலையும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். முதல் தோட்டத்தில் அந்த விலகல்கள் −1, 0, 0, 0, +1. இரண்டாம் தோட்டத்தில் −4, −2, 0, +2, +4. இவற்றை அப்படியே கூட்டினால் இரண்டிலும் பூஜ்யமே வரும். மேலே போன விலகல்களும் கீழே போன விலகல்களும் ஒன்றையொன்று சரிக்கட்டும் இடமே சராசரி என்பதால், எந்த எண் தொகுப்பை எடுத்தாலும் இப்படித்தான் முடியும். ஆகவே ஒவ்வொரு விலகலையும் வர்க்கமாக்கிக் கழித்தல் குறியைப் போக்கிவிட்டு, அந்த வர்க்கங்களின் சராசரியைக் காண்கிறோம். முதல் தோட்டத்தில் வர்க்கங்களின் கூடுதல் 2, அதை ஐந்தால் வகுத்தால் 0.4, இரண்டாம் தோட்டத்தில் கூடுதல் 40, ஐந்தால் வகுத்தால் 8. இதற்கு விலக்க வர்க்கச் சராசரி என்று பெயர். கிலோவை வர்க்கமாக்கிவிட்ட இந்த எண்ணை எடையோடு நேராக ஒப்பிட முடியாது என்பதால், வர்க்கமூலம் எடுத்து மீண்டும் கிலோவுக்கே திரும்பி வருகிறோம். முதல் தோட்டத்துக்கு 0.63 கிலோ, இரண்டாம் தோட்டத்துக்கு 2.83 கிலோ. இவையே திட்ட விலக்கங்கள். ஒரு குலை சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு தள்ளியிருக்கும் என்பதன் அளவு இது என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

மிகப் பெரிய குலைக்கும் மிகச் சிறிய குலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் போதாதா என்று கேட்கத் தோன்றும். வீச்சு எனப்படும் அந்த அளவு, ஓரத்தில் உள்ள இரண்டு குலைகளை மட்டுமே பார்க்கிறது. நடுவில் இருக்கும் நூற்றுக்கணக்கான குலைகள் எப்படி இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. குறிகளை நீக்கிய விலகல்களுக்கு நேரடியாகச் சராசரி கண்டால் என்ன என்பதோ இன்னும் நல்ல கேள்வி. அந்த அளவுக்குச் சராசரி விலக்கம் என்று பெயர். அதுவே மேலானது என்று வானியலாளர் ஆர்தர் எடிங்டன் எழுதியிருந்தார். 1920இல் புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் அதற்கு விடை சொன்னார். தரவுகள் இயல்நிலைப் பரவலை, அதாவது நடுவில் மிகுந்து இருபுறமும் ஒரே சீராகக் குறையும் மணி வடிவப் பரவலைப் பின்பற்றும்போது, திட்ட விலக்கம் தரும் அதே துல்லியத்தைச் சராசரி விலக்கத்தைக்கொண்டு எட்ட ஏறத்தாழ 14 சதவீதம் அதிகமான அளவீடுகள் தேவைப்படும் என்று அவர் காட்டினார். இயல்நிலையிலிருந்து தரவுகள் சற்றே பிசகினாலும் இந்த நன்மை கரைந்துவிடக்கூடும் என்பதால், அந்த விவாதத்தில் எடிங்டன் பக்கமும் நியாயம் இருந்தது என்றே கருதுகிறேன்.

இப்போது தங்கள் வியாபாரத்துக்கு வருவோம். நன்றாகப் பராமரித்த ஒரு தோட்டத்தில் ஒரே ரகக் குலைகளின் எடை, சராசரிக்கு அருகில் மிகுதியாகவும் இருபுறமும் தள்ளிப்போகப் போகக் குறைவாகவும் அமையும். அந்த அமைப்பை இயல்நிலைப் பரவலாகக் கொள்ளலாம் என்றால், சராசரியும் திட்ட விலக்கமும் ஆகிய இரண்டு எண்களே முழுப் படத்தையும் தந்துவிடும். சராசரியிலிருந்து ஒரு திட்ட விலக்கத்துக்குள் ஏறத்தாழ 68 சதவீதமும், இரண்டுக்குள் 95 சதவீதமும், மூன்றுக்குள் 99.7 சதவீதமும் அடங்கும். சராசரி 12 கிலோ, திட்ட விலக்கம் 1.5 கிலோ என்றால், 200 குலைகளில் 137 குலைகள் 10.5 முதல் 13.5 கிலோவுக்குள்ளும், 191 குலைகள் 9 முதல் 15 கிலோவுக்குள்ளும் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

பரவல் அகலும்போது நடுப்பகுதியைவிட ஓரங்கள்தாம் மிக வேகமாகப் பெருகுகின்றன என்பதைத் தாங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். 10 கிலோவுக்குக் குறைந்த குலையைக் கடைக்காரர்கள் தள்ளிவிடுவார்கள் என்று கொள்வோம். திட்ட விலக்கம் 1.5 கிலோவாக இருந்தால் 200இல் 18 குலைகள் தள்ளுபடியாகும். அது 3 கிலோவாக இருந்தால் 50 குலைகள் தள்ளுபடியாகும். 6 கிலோவுக்குக் குறைந்த குலைகளை எண்ணிப் பார்த்தால் வேறுபாடு இன்னும் திகைப்பூட்டும். முதல் நிலையில் லட்சத்தில் மூன்று குலைகளே அப்படி இருக்கும். இரண்டாம் நிலையில் 200இலேயே நான்கைந்து இருக்கும். சராசரி இம்மியும் மாறவில்லை, திட்ட விலக்கம் இரண்டு மடங்குதான் ஆகியிருக்கிறது, ஆனால் மிகச் சிறிய குலைகளின் பங்கு பல நூறு மடங்கு ஏறிவிட்டது. தங்களிடம் வாங்குகிறவர்கள் கணக்குப் போடாமலேயே அனுபவத்தில் உணர்ந்திருப்பது இதைத்தான்.

கேள்வி: மணி வடிவ வளைகோட்டைக் கரும்பலகையில் வரையும்போது சராசரியை உச்சியின் நேர்கீழே குறித்துக் காட்டிவிடுகிறேன். திட்ட விலக்கம் படத்தில் எங்கே இருக்கிறது என்று மாணவர்கள் கேட்டால், தோராயமாக ஓரிடத்தைக் காட்டுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.
— ஒரு கணித ஆசிரியை, தக்கலை

பதில்: தோராயமாகக் காட்ட வேண்டியதில்லை, அம்மா, வளைகோடே அந்த இடத்தைச் சொல்லிவிடுகிறது. உச்சியிலிருந்து வலப்புறமாக இறங்கி வாருங்கள். தொடக்கத்தில் கோடு வரவரச் செங்குத்தாகிக்கொண்டே போகும். ஓரிடத்தில் அந்தச் சரிவு உச்ச அளவை எட்டி, அதற்குப் பிறகு தணிந்து, அடித்தளத்தை ஒட்டியபடி நீளத் தொடங்கும். கவிழ்ந்த வளைவு நிமிர்ந்த வளைவாக மாறும் அந்தப் புள்ளி, சராசரியிலிருந்து மிகச் சரியாக ஒரு திட்ட விலக்கத் தொலைவில் இருக்கிறது. இடப்புறமும் அப்படியே. அந்தப் புள்ளியில் கோட்டின் உயரம் உச்சியின் உயரத்தில் ஏறத்தாழ 61 சதவீதம். ஆகவே உச்சியின் உயரத்தில் ஐந்தில் மூன்று பங்குக்குச் சற்று மேலே கிடைமட்டமாக ஒரு கோடு இழுத்து, அது வளைகோட்டை வெட்டும் இடங்களிலிருந்து அடித்தளத்துக்குச் செங்குத்துக் கோடுகள் இறக்கினால், இரண்டு புறமும் திட்ட விலக்கம் கிடைத்துவிடும். மாணவர்களைக்கொண்டு வரைபடத்தாளில் இதைச் செய்துபார்க்கச் சொல்லுங்கள்.

வளைகோட்டின் கீழ் உள்ள மொத்தப் பரப்பு எப்போதும் 1 என்பதையும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது. திட்ட விலக்கம் இரண்டு மடங்கானால் வளைகோடு இரண்டு மடங்கு அகலும். பரப்பு மாறக் கூடாது என்பதால் உச்சியின் உயரம் பாதியாகும். இரண்டு வளைகோடுகளை அருகருகே வரைந்து, உயரமானது 'பெரிய' பரவல் என்று மாணவர்கள் நினைத்துவிடும் குழப்பம் இதனால் தீரும். உயரமானதில்தான் சிதறல் குறைவு.

கேள்வி: என் மகள் அரையாண்டுத் தேர்வில் தமிழில் 84, கணக்கில் 71 வாங்கியிருக்கிறாள். கணக்கில் பின்தங்கிவிட்டாள் என்று டியூஷனுக்கு அனுப்ப எண்ணியிருந்தேன். வகுப்பாசிரியரோ கணக்கில்தான் அவள் கெட்டிக்காரி என்கிறார். எப்படி?
— ஒரு தாய், நாகர்கோவில்

பதில்: மதிப்பெண்ணைத் தனியாகப் பார்த்தால் ஆசிரியர் சொல்வது விளங்காது. வகுப்பின் சராசரியும் திட்ட விலக்கமும் எவ்வளவு என்று அவரிடம் கேட்டுப்பாருங்கள். தமிழில் வகுப்புச் சராசரி 78, திட்ட விலக்கம் 6 என்றும், கணக்கில் சராசரி 58, திட்ட விலக்கம் 8 என்றும் இருக்கிறதாக வைத்துக்கொள்வோம். தமிழில் தங்கள் மகள் சராசரிக்கு 6 மதிப்பெண் மேலே, அதாவது ஒரு திட்ட விலக்கம் மேலே நிற்கிறாள். கணக்கில் 13 மதிப்பெண் மேலே. அதை 8ஆல் வகுத்தால் 1.6 திட்ட விலக்கத்துக்குச் சற்று அதிகம். மதிப்பெண்கள் இயல்நிலையாகப் பரவியிருந்தால், 40 பேர் உள்ள வகுப்பில் தமிழில் அவளுக்கு மேலே ஆறு பேரும் கணக்கில் இரண்டே பேரும் இருப்பார்கள். டியூஷன் தேவையா என்பதை அவளையும் கேட்டு முடிவு செய்யுங்கள். 71 என்ற எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

தூரத்தைச் சிதறலைக்கொண்டு அளக்கும் இந்த எண்ணத்தைப் பல அளவுகளுக்கு ஒரே நேரத்தில் பொருந்துமாறு விரித்தவர், 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைக் கல்கத்தாவில் தொடங்கிய பி.சி. மகலனோபிஸ். 1936இல் அவர் வெளியிட்ட அந்த அளவை இன்று உலகமெங்கும் மகலனோபிஸ் தூரம் என்றே அழைக்கிறார்கள். அவர் பிறந்த நாளான ஜூன் 29 தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுவதைத் தங்கள் மகளுக்குச் சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். எளிமையான தேர்வில் பெரும்பாலோர் 90க்கு மேல் வாங்கிவிட்டால், மதிப்பெண் 100ஐத் தாண்ட முடியாது என்பதால் வளைகோடு ஒரு பக்கம் நெருக்குண்டுவிடும். அங்கே "மேலே எத்தனை பேர்" என்ற கணக்கு பொய்த்துப்போகும்.

கேள்வி: எங்கள் குடும்பம் வள்ளத்தில் கடலுக்குப் போகும் குடும்பம். கல்லூரியில் திட்ட விலக்கம் படித்தபின், அப்பாவின் பத்து நாள் வருமானத்துக்கு அதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். ரூபாயில் அந்த வருமானம்: 600, 500, 700, 400, 800, 500, 600, 0, 400, 9,500. சராசரி 1,400, திட்ட விலக்கம் ஏறத்தாழ 2,708 என்று வந்தது. சராசரியிலிருந்து ஒரு திட்ட விலக்கம் கீழே போனால் வருமானம் கழித்தல் குறியில் வருகிறது. கணக்கு தவறா?
— ஒரு மாணவி, குளச்சல்

பதில்: கணக்கு முற்றிலும் சரி. பொருந்தாதது, வருமானம் இயல்நிலையாகப் பரவியிருக்கிறது என்ற எடுகோள். திட்ட விலக்கத்தைப் பற்றி எனக்கு வரும் கேள்விகளில் இதையே மிக முக்கியமானதாக நினைக்கிறேன். ஏனெனில் 68, 95, 99.7 என்ற எண்களை மனப்பாடம் செய்தவர்களில் பலர், அவை எல்லாத் தரவுகளுக்கும் உரியவை என்று எண்ணிவிடுகிறார்கள். அவை இயல்நிலைப் பரவலுக்கு மட்டுமே உரியவை.

அந்தப் பரவல் எங்கிருந்து பிறக்கிறது என்று பார்த்தால் மீன்பாட்டுக்கு அது ஏன் பொருந்தவில்லை என்பது தெளிவாகும். பலமுறை நாணயம் சுண்டும்போது பூக்களின் எண்ணிக்கை எப்படி அமையும் என்று ஆராய்ந்த கணிதவியலாளர் டி மாவ்ர் 1733இல் இந்த வளைகோட்டை முதலில் கண்டார். 1809இல் காவுஸ், வானியல் அளவீடுகளில் நேரும் பிழைகளை விளக்க இதே வளைகோட்டைப் பயன்படுத்தினார். ஒன்றையொன்று சாராத சிறுசிறு காரணங்கள் பல ஒன்றுகூடினால் விளைவு இந்த வடிவத்தை நெருங்கும் என்ற பொது உண்மையை லாப்லாஸ் 1810இல் நிறுவினார். சிறு காரணங்கள் கூடுவது என்பதுதான் இதில் அடிப்படை. ஒரு வாழைக்குலையின் எடையை மண், நீர், உரம், வெயில், காற்று என்று பல காரணங்கள் ஆளுக்குக் கொஞ்சம் ஏற்றியும் இறக்கியும் விடுகின்றன. எதுவும் தனியாக ஆட்சி செய்வதில்லை. மீன்பாடு அப்படியன்று. ஒரு நாள் பெருங்கூட்டம் ஒன்று வலையில் சிக்கிவிட்டால், அந்த ஒரே காரணம் மற்ற ஒன்பது நாள்களையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. கீழே பூஜ்யத்தில் சுவர் இருக்கிறது. மேலே சுவரே இல்லை. அதனால் பரவல் ஒரு பக்கம் நீண்டு சாய்ந்துவிடுகிறது.

நீங்கள் அனுப்பிய எண்களிலேயே இதைக் காணலாம். பத்து நாள்களில் ஒன்பது நாள்கள் சராசரிக்குக் கீழே இருக்கின்றன. சராசரி என்று கிடைத்த 1,400 ரூபாய்க்கு அருகில் ஒரு நாள்கூட இல்லை. எண்களை ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் உள்ள இரண்டின் சராசரியைக் கண்டால் 550 ரூபாய் வருகிறது; வீட்டுச் செலவுக்கு வழக்கமான ஒரு நாளில் என்ன கிடைக்கும் என்பதை இந்த இடைநிலை அளவே உண்மையாகச் சொல்கிறது. பத்து நாள் மொத்தம் எவ்வளவு, கடனுக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று திட்டமிடுவதற்கோ சராசரிதான் வேண்டும். இரண்டையும் எழுதி வையுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 9,500 என்ற நாள் சராசரியிலிருந்து 8,100 ரூபாய் விலகியிருந்தும், அது 2.99 திட்ட விலக்கம்தான். மூன்று திட்ட விலக்கத்தைத் தாண்டினால்தான் விதிவிலக்கு என்று கற்றவர்கள் இதைச் சாதாரண நாள் என்று விட்டுவிடக்கூடும். அந்த ஒரு நாளே திட்ட விலக்கத்தையும் ஊதிப் பெருக்கிவிட்டதுதான் இதற்குக் காரணம். சொல்லப்போனால், பத்தால் வகுத்துக் காணும்போது, பத்து எண்கள் மட்டும் உள்ள எந்தத் தொகுப்பிலும் எந்த எண்ணும் சராசரியிலிருந்து மூன்று திட்ட விலக்கத்தைத் தாண்டவே முடியாது. அந்த நாளில் 9,500க்குப் பதில் ஒரு லட்சம் கிடைத்திருந்தாலும் இதே கதைதான்.

அப்படியானால் இயல்நிலையில்லாத தரவுகளுக்குத் திட்ட விலக்கமே பயனற்றதா என்றால், இல்லை. ரஷ்யக் கணிதவியலாளர் செபிஷேவ் நிறுவிய விதி ஒன்று எந்தப் பரவலுக்கும் பொருந்தும். பரவல் எப்படிச் சாய்ந்திருந்தாலும் இரண்டு திட்ட விலக்கத்துக்குள் குறைந்தது 75 சதவீதமும், மூன்றுக்குள் குறைந்தது ஒன்பதில் எட்டுப் பங்கும், அதாவது ஏறத்தாழ 89 சதவீதமும் இருந்தே தீரும். 95க்குப் பதில் 75 என்பது, வடிவம் தெரியாமையால் நாம் இழக்கும் துல்லியம்.

சாய்வைத் தவிர, கலப்பும் ஏமாற்றும். மட்டிக் குலைகளையும் ஏத்தன் குலைகளையும் ஒன்றாகக் கலந்து எடை எழுதினால் இரண்டு மேடுகள் உள்ள பரவல் கிடைக்கக்கூடும். அப்போது சராசரி இரண்டு மேடுகளுக்கும் நடுவே, குலைகளே அதிகம் இல்லாத பள்ளத்தில் போய் விழும். அதனால் கணக்கிடுவதற்கு முன் எண்களைப் படமாக வரைந்து ஒருமுறை பார்த்துவிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: திட்ட விலக்கம் காண, பள்ளிப் புத்தகத்தில் எண்களின் எண்ணிக்கையால் வகுத்தோம். கல்லூரியில் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து வகுக்கச் சொல்கிறார்கள். எது சரி?
— ஒரு மாணவர், கருங்கல்

பதில்: கையில் உள்ள எண்களே முழுத் தொகுதி என்றால் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். பெரிய தொகுதியிலிருந்து எடுத்த ஒரு கூறு மட்டுமே கையில் இருந்து, அதைக்கொண்டு முழுத் தொகுதியின் சிதறலை மதிப்பிட வேண்டுமானால் ஒன்றைக் கழித்து வகுக்க வேண்டும். முழுத் தொகுதியின் உண்மையான சராசரி நமக்குத் தெரியாததால் கூறின் சராசரியிலிருந்தே விலகல்களை அளக்கிறோம். வர்க்கங்களின் கூடுதலை மிகக் குறைவாக்கும் இடம் அந்தச் சராசரியே என்பதால், சிதறல் உள்ளதைவிடச் சிறிதாகத் தெரியும். ஒன்றைக் கழிப்பது அதை ஈடுசெய்கிறது. முதல் கேள்வியின் இரண்டாம் தோட்டத்தை இப்படிக் கணக்கிட்டால் 2.83க்குப் பதில் 3.16 வரும். ஐந்து குலைகளில் இது பெரிய மாற்றம். ஐந்நூறு குலைகளில் கண்ணுக்கே தெரியாது.

கேள்வி: ரப்பர் பாலை விற்கும் இடத்தில் டி.ஆர்.சி. (பாலில் உள்ள உலர் ரப்பரின் சதவீதம்) பார்த்து விலை போடுகிறார்கள். ஒரே பாலில் எடுத்த மாதிரிகளுக்கு ஒருமுறை 34 சதவீதம் என்கிறார்கள், இன்னொருமுறை 36 என்கிறார்கள். எதை நம்புவது?
— ஒரு ரப்பர் விவசாயி, குலசேகரம்

பதில்: எந்த அளவீட்டிலும் சிறு பிழைகள் உண்டு. பாலைக் கலக்கிய விதம், எடுத்த மாதிரியின் அளவு, உலர்த்திய நேரம், தராசின் துடிப்பு என்று பல காரணங்கள் கூடுவதால், இங்கே இயல்நிலைப் பரவலை எதிர்பார்ப்பதற்கு நியாயம் இருக்கிறது. அந்தச் சோதனையின் திட்ட விலக்கம் 1 சதவீதப் புள்ளி என்று வைத்துக்கொண்டால், உண்மையான அளவு 35 ஆக இருக்கும்போது 34உம் 36உம் வருவது இயல்பே. அதிலிருந்து யாரும் தங்களை ஏமாற்றினார்கள் என்று முடிவுகட்ட முடியாது.

ஒரே பாலில் பல மாதிரிகள் எடுத்துச் சராசரி காணும்படி கேளுங்கள். சராசரியின் திட்ட விலக்கம், ஒற்றைச் சோதனையின் திட்ட விலக்கத்தைச் சோதனைகளின் எண்ணிக்கையுடைய வர்க்கமூலத்தால் வகுத்தது. நான்கு சோதனைகளின் சராசரியில் அது 0.5 ஆகக் குறையும். அதை மேலும் பாதியாக்க எட்டு போதாது, பதினாறு சோதனைகள் வேண்டும். ஆகவே நடைமுறையில் மூன்று நான்கோடு நிறுத்திக்கொள்வது தகும்.

ஆனால் சராசரி எடுப்பதால் குறைவது, மேலும் கீழுமாக அலைகிற பிழை மட்டுமே. தராசு எப்போதும் ஒரே பக்கம் சாய்த்துக் காட்டுகிறது என்றாலோ, மாதிரி ஒவ்வொரு முறையும் முழுமையாக உலராமல் எடை போடப்படுகிறது என்றாலோ, நூறு முறை சோதித்தாலும் அந்தக் கோணல் அப்படியே நிற்கும். அப்போது திட்ட விலக்கம் மிகச் சிறியதாக இருந்துகொண்டே விடை தவறாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்க, நன்றாகக் கலக்கிய பாலை இரண்டாகப் பிரித்து, ஒரே நாளில் வேறொரு சோதனைக்கூடத்திலும் கொடுத்துப் பாருங்கள். இப்படிச் சில முறை செய்தும் இரண்டு இடங்களின் முடிவுகளுக்கிடையே உள்ள வேறுபாடு ஒரே திசையிலேயே வந்துகொண்டிருந்தால், எண்களை எழுதிய தாளோடு போய்க் கேட்பதற்குத் தங்களுக்குக் காரணம் உண்டு.